முள்ளந்தண்டு வளைவுச் சத்திரசிகிச்சை: வலி தலைதூக்கும் இடைவெளிகள்

முள்ளந்தண்டு வளைவை நிமிர்த்தும் சத்திரசிகிச்சை, வளரிளம் பிள்ளைகளுக்குச் செய்யப்படுகிற அறுவைகளில் மிகக் கூடிய வலி தருவனவற்றுள் ஒன்று. இதைப் பிள்ளைக்கு மறைக்கக் கூடாது. "கொஞ்சம்தான் நோகும்" என்று சொல்லிக் கூட்டிப்போன பிள்ளை, இரண்டாம் நாள் இரவில் அம்மாவையும் நம்பாது, தாதியையும் நம்பாது. கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இந்த வலியை அடக்கும் மருந்துகள் இருக்கின்றன, அவை வேலை செய்கின்றன, வாரத்துக்கு வாரம் வலி இறங்கும்.

அப்படியிருந்தும் பிள்ளைகள் துடிக்கிறார்கள் என்றால், அது பெரும்பாலும் மருந்து கைமாறும் இடங்களில்தான் நடக்கிறது. பம்ப் வழியாக நாளத்தில் ஏறிய மோபின் என்ற வலுவான வலி மருந்திலிருந்து குளிசைக்கு, பகல் தாதியிடமிருந்து இரவுத் தாதிக்கு, வார்டிலிருந்து வீட்டுக்கு, வலுவான மருந்திலிருந்து வெறும் பனடோலுக்கு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில மணி நேரம் யாருடைய பொறுப்பு என்று தெரியாமல் போகிறது. அந்த நேரத்தில் வலி ஏறிவிட்டால், மறுபடி இறக்க அதிக மருந்தும் வேண்டும், அதிக நேரமும் வேண்டும். இந்த இடைவெளிகள் எங்கெங்கே வரும் என்று முதலே தெரிந்த குடும்பம் அவற்றை அடைத்துவிடலாம்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

வளைவு, எக்ஸ்ரேயில் அதை அளக்கும் கொப் கோணத்தில் 45 முதல் 50 பாகையைத் தாண்டும்போது பொதுவாகச் சத்திரசிகிச்சை பற்றிப் பேசப்படுகிறது. முதுகின் நடுவே நீளமாகக் கீறி, முள்ளெலும்புகளின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் தசைகளை எலும்பிலிருந்து பிரித்து, மணிக்கணக்காக விலக்கிப் பிடித்திருப்பார்கள். சிறு மூட்டுகளை எடுத்து, எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி, திருகுகளை இறக்கி, இரண்டு உலோகக் கம்பிகளைப் பொருத்தி, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள எலும்புத் துகள்களை நிரப்புவார்கள். பிள்ளையின் உயரம் ஒரே நாளில் சில சென்றிமீற்றர் கூடிவிடுகிறது. பல ஆண்டுகளாகக் குறுகிக் கிடந்த தசைகளும் தசைநார்களும் அன்றைக்கே இழுபடுகின்றன.

ஆகவே வலி ஒரே வகையாக இராது. தோலிலும் காயத்திலும் எரிவு. தசை திடீரென்று இறுகிப் பிடிக்கும் வலி. இதுதான் பிள்ளையை அலற வைப்பது. எலும்பிலிருந்து வரும் ஆழமான உளைவு. நரம்பு வழியே மின்னல்போல வெட்டும் வலி. விலா எலும்புகளையும் வெட்டியிருந்தால் மூச்சை இழுக்கும்போது குத்தும். இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்திருந்தால் முதுகைவிட இடுப்பே கூட நோகலாம். தோள்பட்டைக்குக் கீழும் கழுத்திலும் வரும் வலி பலரைத் திகைக்க வைக்கிறது. தலையும் தோளும் புதிய கோட்டில் நிற்கப் பழகுவதால் வருவது அது, பல வாரங்கள் நீடிக்கும்.

இந்த வகைகளைப் பிரித்துச் சொல்லப் பிள்ளையைப் பழக்குவது வீண் வேலை இல்லை. தசைப் பிடிப்புக்கு மோபினைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தால் பிள்ளை தூங்கி வழியும், பிடிப்பு விடாது. நரம்பு வலிக்குப் பனடோல் பெரிதாக உதவாது. கொழும்பு வார்டுகளில் தாதி பெரும்பாலும் சிங்களம் பேசுபவராக இருப்பார். விளக்கமாகச் சொல்ல மொழி இடம் கொடுக்காவிட்டாலும் எண் எல்லோருக்கும் விளங்கும். 0 வலியே இல்லை, 10 தாங்கவே முடியாதது என்று வைத்து, விரலால் எண்ணையும் இடத்தையும் காட்டப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். எரிவு, பிடிப்பு, உளைவு, மின்னல் என்ற நான்கையும் இரு மொழியிலும் எழுதிய ஒரு தாளைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைப்பது இன்னும் நல்லது.

எண்ணைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பிள்ளையால் இருமவும், புரளவும், எழுந்து இருக்கவும் முடிகிறதா? அசையாமல் கிடக்கும்போது 3 என்று சொல்லும் பிள்ளை, புரளும்போது 9 என்று சொன்னால் வலி அடங்கவில்லை என்றுதான் அர்த்தம். வலியைப் பூச்சியமாக்க முயல்வதும் ஆபத்து. அந்த அளவுக்கு மருந்து ஏற்றினால் மூச்சு மந்தமாகும்.

முதல் இரண்டு நாட்கள்

வலி மருந்துகள் பல சேர்ந்து வேலை செய்வதே இன்றைய முறை. மோபின் மட்டும் என்ற காலம் போய்விட்டது. பரசிற்றமோல் (பனடோல்), மோபின் அல்லது அதன் வகை மருந்து, தசைப் பிடிப்புக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் வலியின் ஒவ்வொரு பாதையை அடைக்கிறது. அதனால் ஒவ்வொன்றையும் குறைந்த அளவில் கொடுக்கலாம். சில மயக்க மருந்து வைத்தியர்கள் சத்திரசிகிச்சையின்போதே முள்ளந்தண்டு நீருக்குள் சிறிதளவு மோபின் செலுத்துவார்கள். அது முதல் நாளை ஓரளவு சுலபமாக்கும். நரம்பு வலிக்கான கபபென்ரின் அறுவைக்கு முன்பே ஆரம்பிக்கப்பட்டால் முதல் இரு நாட்களுக்குத் தேவைப்படும் மோபினின் அளவு குறைகிறது. தலைச்சுற்றும் தூக்கமும் அதன் பக்கவிளைவுகள். மோபினுடன் சேரும்போது மூச்சு மந்தமாகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்திருக்கிறது. எனவே அது பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

பிள்ளையே பொத்தானை அழுத்தி மோபின் எடுத்துக்கொள்ளும் பம்ப் இருந்தால், ஓர் அழுத்தலுக்கு வழமையாகக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரை போகும். 50 கிலோப் பிள்ளைக்கு அது 1 மில்லிகிராம். அதன்பின் 5 முதல் 10 நிமிடங்களுக்கு எத்தனை தரம் அழுத்தினாலும் பம்ப் மருந்து கொடுக்காது. இந்த முறையின் பாதுகாப்பே ஒரு விஷயத்தில்தான் தங்கியிருக்கிறது: தூங்கிவிட்ட பிள்ளை பொத்தானை அழுத்தாது. அம்மா பரிதாபப்பட்டு, தூங்கும் பிள்ளைக்காக அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். துணைக்கு நிற்பவர்கள் யாரும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. பம்ப் இல்லாத வார்டில் தாதி ஊசியாகக் கொடுப்பார்; அங்கே "கேட்டால் கொடுப்போம்" என்ற ஏற்பாடு பிள்ளைகளுக்குச் சரிவராது. கேட்க வெட்கப்படும் பிள்ளை, பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும். முதல் நாட்களில் மருந்து மணிக்கணக்கில் நேரம் தவறாமல் வர வேண்டும் என்று சுற்றுக்கு வரும் வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சு மந்தமாவதற்கு முன்பே பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கி வழியத் தொடங்கும். தட்டினால் கண் திறந்து, பேச்சின் நடுவிலேயே மறுபடி தூங்கினால் உடனே தாதியைக் கூப்பிட வேண்டும். வளரிளம் பிள்ளை நிமிடத்துக்குப் 10 தடவைக்குக் குறைவாக மூச்சு விட்டாலும் அப்படியே. இதற்கு மாற்று மருந்து நலோக்ஸோன் வைத்தியசாலையில் இருக்கும். மோபினால் வரும் அரிப்பும் குமட்டலும் ஆபத்தில்லாதவை. ஒன்டன்செற்றோன் போன்ற மருந்தால் குமட்டலை அடக்கலாம்; அதற்காக வலி மருந்தை நிறுத்தச் சொல்லி அடம்பிடிக்க வேண்டாம்.

முதன்முதலில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றிக் கண் இருட்டினால், அதற்கு வலியைவிட இரத்த இழப்பும் திரவக் குறைவும் காரணமாக இருக்கலாம். கட்டில் ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம் இருந்துவிட்டு எழுந்தால் போதும்.

பம்பிலிருந்து குளிசைக்கு

இதுதான் மிக மோசமான இடைவெளி. பொதுவாக முதல் அல்லது இரண்டாம் நாளில், பிள்ளை சாப்பிடத் தொடங்கியதும் பம்ப் எடுக்கப்படுகிறது. அதே நாளில்தான் சிறுநீர்க் குழாயும் கழற்றப்படும், பிசியோதெரபிஸ்ட் வந்து நடக்கச் சொல்வார். ஆகக் கூடுதலாக அசையும் நாளில் ஆகக் குறைந்த மருந்து போகிறது.

இதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. வாயால் விழுங்கும் மோபினில் பெரும் பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே அழித்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு அளவே இரத்தத்துக்குப் போகிறது. நாளம் வழியாக 10 மில்லிகிராம் மோபின் தேவைப்பட்ட பிள்ளைக்கு, வாயால் ஏறத்தாழ 30 மில்லிகிராம் போனால்தான் அதே பலன். எண்ணை அப்படியே மாற்றி எழுதினால், மருந்து மாறவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, பிள்ளைக்கு முன்பு கிடைத்ததில் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். அத்துடன் குளிசை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே முதல் குளிசையைக் கொடுத்து, அது பிடித்த பிறகே பம்பைக் கழற்ற வேண்டும். "குளிசை எத்தனை மணிக்கு, பம்ப் எத்தனை மணிக்கு எடுப்பீர்கள்?" என்று கேட்பதற்குப் பெற்றோர் கூச்சப்படத் தேவையில்லை. நடைப்பயிற்சிக்கும் அதே கணக்குத்தான்: பிசியோ 10 மணிக்கு வருவாரென்றால் குளிசை 9 மணிக்கு.

குளிசையாகக் கோடீன் அல்லது ட்ரமடோல் எழுதப்பட்டால் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். இரண்டும் கல்லீரலில் உள்ள ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே முழு வலுவைப் பெறுகின்றன. அந்த நொதி சிலருக்கு வேலையே செய்யாது. அவர்களுக்குக் கோடீன் கொடுத்தும் வலி அசையாது. வேறு சிலருக்கு அது மிக வேகமாக வேலை செய்யும். வழமையான அளவே அவர்களுக்கு மிகையாகிவிடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் இந்த இரண்டையும் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றது. 12 முதல் 18 வயது வரை, உடல் பருமனோ தூக்கத்தில் மூச்சுத் தடையோ உள்ளவர்களுக்குத் தவிர்க்கச் சொன்னது. "இந்தக் குளிசை ஒன்றும் செய்யவில்லை" என்று பிள்ளை சொன்னால் அது பிடிவாதம் என்று ஒதுக்க வேண்டாம். உடம்பின் அமைப்பே அப்படி இருக்கலாம். வேறு மருந்துக்கு மாற்றுவதுதான் வழி.

பனடோல், புரூபன், டெங்கு

பனடோலை யாரும் பெரிய மருந்தாக மதிப்பதில்லை. ஆனால் இந்த வலியின் அடித்தளமே அதுதான். கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணிக்கு ஒருமுறை, நாளுக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டாமல். 50 கிலோப் பிள்ளைக்கு அது 750 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசையில் ஒன்றரை, நாளுக்கு நான்கு தடவை. காய்ச்சலுக்குக் கொடுத்த பழக்கத்தில் ஒரு குளிசையோ அரைக் குளிசையோ கொடுத்துவிட்டு, வலி நிற்கவில்லை என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு: கோடீன் கலந்த பனடோல், தடிமன் குளிசை, சாதாரணப் பனடோல் மூன்றுக்குள்ளும் பரசிற்றமோல் இருப்பதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் கொடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படும். உறைக்குப் பின்னால் உள்ள எழுத்தை வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

இபுபுரூபன், டைக்ளோபினாக், கெற்றோரொலக் என்ற குடும்பம் நல்ல வலி மருந்துகள்தான். ஆனால் எலும்பு ஒட்டுவதற்குத் தேவையான வேதிப்பொருட்களையும் அவை தடுக்கக்கூடும். 1998இல் வெளியான ஓர் ஆய்வு, முள்ளெலும்புகளை ஒட்டவைக்கும் அறுவை செய்த பெரியவர்களில், கெற்றோரொலக் கொடுக்கப்பட்டவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போவது அதிகம் என்றது. பின்னர் வளரிளம் பிள்ளைகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில், சில நாட்கள் மட்டும் கொடுத்தபோது அப்படி ஒரு கெடுதல் தென்படவில்லை. அதனால் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் முதல் நாட்களில் கொடுக்கிறார்கள், சிலர் மாதக்கணக்கில் தொடவே விடுவதில்லை. இரண்டுக்கும் நியாயம் உண்டு. உங்கள் நிபுணர் எந்தப் பக்கம் என்று கேட்டு அதன்படி நடங்கள். பாமசியில் நீங்களாக வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

கொழும்பில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டெங்கு. மே முதல் ஜூலை வரையும், ஆண்டின் கடைசியிலும் மழையோடு டெங்கு பெருகும். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டிலிருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், காயத்தில் கிருமி என்ற பயமும் டெங்கு என்ற பயமும் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் இபுபுரூபனோ டைக்ளோபினாக் சப்போசிற்றரியோ வைத்தால் இரத்தக் கசிவு ஆபத்தாகும். காய்ச்சல் தொடங்கிய உடனே அந்தக் குடும்ப மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்தி, பனடோல் மட்டும் வைத்துக்கொண்டு, காயத்தைக் காட்டவும் இரத்தப் பரிசோதனை செய்யவும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பிடிப்பும் புரளுதலும்

மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகள் அதிகம் முறையிடுவது தசைப் பிடிப்பை. டயசெப்பாம் சிறிய அளவில், குறிப்பாக இரவில் உதவும். ஆனால் மோபின் வகையோடு அது சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் ஆபத்து கூடும். இந்தச் சேர்க்கைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுக்கச் சொல்வார்கள். அந்த ஏற்பாட்டை வீட்டிலும் மாற்றாதீர்கள்.

பிடிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் பிழையான அசைவுதான். புரளும் முறையை அறுவைக்கு ஒரு வாரம் முன்பே, உடம்பு நோகாத காலத்தில் வீட்டில் பழகிவிட வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை ஒவ்வொன்றாக மடித்துப் பாதத்தை மெத்தையில் ஊன்றுவது முதல் படி. பிறகு தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே கணத்தில் ஒரே பக்கம் திரும்ப வேண்டும். மூக்கும் தொப்புளும் முழங்காலும் ஒரே திசையைப் பார்த்தால் சரி. தோள் முதலில் போய் இடுப்பு பின்னால் வந்தால் முதுகு முறுகும், பிடிப்பு வரும். பக்கவாட்டில் வந்ததும் கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடி, கீழ் முழங்கையாலும் மேல் கையாலும் மெத்தையை அழுத்தி எழ வேண்டும். உதவி செய்கிறவர் அக்குளில் கைபோட்டுத் தூக்கவே கூடாது. தோளுக்குப் பின்னாலும் இடுப்பிலும் கையை வைத்துக் கூடவே போனால் போதும். பக்கவாட்டில் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை.

பாய் போட்டுத் தரையில் படுப்பது முதுகுக்கு நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த நிலையில் அது சரிவராது; தரையிலிருந்து எழ முதுகை வளைத்தே ஆகவேண்டும். முழங்காலுக்குச் சற்று மேலான உயரத்தில், நடுவில் குழி விழாத மெத்தையுள்ள கட்டில் வேண்டும். குந்தும் மலசலகூடம் உள்ள வீட்டில் கொமட் நாற்காலி ஒன்றை முதலே ஏற்பாடு செய்யுங்கள். வாளியில் அள்ளிக் குளிப்பதென்றால் வாளியை ஒரு ஸ்டூலில் ஏற்றி வையுங்கள். கோயிலில் விழுந்து கும்பிடுவதும், சுஜூது செய்வதும் நிபுணர் அனுமதிக்கும்வரை வேண்டாம்; தொழுகையை நாற்காலியில் இருந்து முடிக்கலாம்.

வயிறு

முதுகைவிட வயிறுதான் நோகிறது என்று நான்காம் நாளில் பிள்ளை சொன்னால் நம்புங்கள். மோபின், கோடீன், ட்ரமடோல் எல்லாமே குடலை மந்தமாக்கும். படுக்கையும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் அதைக் கூட்டும். முக்கினால் முதுகுத் தசை இறுகும், வலி ஏறும், வலிக்கு இன்னும் மருந்து, மருந்தால் இன்னும் மலச்சிக்கல். மலம் போகாமல் நாட்கள் கழிந்த பிறகு யோசிக்காமல், முதல் குளிசையோடேயே மலமிளக்கி தொடங்க வேண்டும். லக்ருலோஸ் பாணி வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் எடுக்கும், தனியாகக் கொடுத்தால் வயிறு ஊதும். பிசகொடில் அல்லது செனா இரவில் கொடுத்தால் காலையில் போகும். இரண்டும் சேர்ந்த ஏற்பாடே பலருக்குச் சரிவருகிறது. பப்பாசிப்பழம், கஞ்சி, போதிய தண்ணீர் உதவும். ஆனால் மோபின் போய்க்கொண்டிருக்கும்போது பழம் மட்டும் போதாது.

மாதவிடாய் இந்த நாட்களில் வந்துவிடுவதும் உண்டு. முதுகின் கீழ்ப்பகுதி வலி திடீரென்று கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பெண்பிள்ளை ஆண் வைத்தியரிடம் சொல்லத் தயங்கும்; துணைக்கு நிற்பவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெலிந்து உயர்ந்த பிள்ளை, முதல் அல்லது இரண்டாம் வாரத்தில் சாப்பிட்டவுடன் பச்சை நிறமாகத் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், அதை மருந்தின் குமட்டல் என்று விட்டுவிடாதீர்கள். முதுகு நிமிர்ந்ததால் முன்சிறுகுடல் இரத்தக் குழாய்களுக்கு இடையில் நெருக்குப்படும் ஒரு நிலை உண்டு. அதற்கு வைத்தியசாலையில் சிகிச்சை வேண்டும்.

வீடு

வைத்தியசாலையை விட்டு வரும்போது கையில் தரும் டயக்னோசிஸ் கார்டில் சத்திரசிகிச்சை விவரம் முழுவதும் இருக்கும். வலி மருந்து பற்றி ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி போதாது. ஒவ்வொரு மருந்தும் எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எத்தனை நாளைக்கு, எதை முதலில் குறைப்பது, இரவில் வலி தாங்காவிட்டால் யாருக்கு அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மோபின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து. எல்லாப் பாமசியிலும் கிடைக்காது. அடுத்த கிளினிக் நாள்வரை போதுமான அளவு கையில் இருக்கிறதா என்று வார்டை விட்டு இறங்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வீடு வந்து, சனிக்கிழமை இரவு குளிசை தீர்ந்துபோவது நடக்கக்கூடிய ஒன்று.

பிள்ளைகளுக்குப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே வைத்தியசாலை, பெரியவர்களுக்குத் தேசிய வைத்தியசாலை என்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு வருகிற குடும்பங்களுக்குப் பயணம் தனிப் பிரச்சினை. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். முடியுமானால் முதல் கிளினிக்வரை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்குங்கள். மாடி வீடென்றால் லிப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். போகத்தான் வேண்டுமென்றால், புறப்பட ஒரு மணி நேரம் முன் குளிசை, முன்னிருக்கையைச் சற்றுச் சாய்த்து, மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடை. ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகில் இறங்கும். பக்கத்துத் தெருவுக்குக்கூட முதல் வாரங்களில் வேண்டாம்.

வீட்டில் வரும் இடைவெளி இரவு. 10 மணிக்குக் கடைசிக் குளிசை, காலை 6 மணிக்கு அடுத்தது என்றால் நடுவில் எட்டு மணி நேரம். நான்கு மணி நேரம் நிற்கும் மோபின் 2 மணிக்கே முடிந்துவிடும், விடியற்காலையில் பிள்ளை அழுதுகொண்டு எழும்பும். முதல் வாரம் 2 மணிக்கு அலாரம் வைத்து, பிள்ளை நன்றாக விழித்துப் பேசுவதைப் பார்த்த பிறகு அந்த வேளைக்குரிய மருந்தைக் கொடுங்கள். ஒரு கொப்பியில் நேரம், மருந்து, அளவு, வலி எண், மலம் போனதா என்று எழுதி வந்தால், கொடுத்தோமா இல்லையா என்ற குழப்பமும் இராது, கிளினிக்கில் வைத்தியருக்கும் நிலைமை ஒரே பார்வையில் விளங்கும்.

பல பிள்ளைகளுக்கு இரண்டாம் வாரத்தில் வலி தெளிவாக இறங்கும். நான்காம் வாரத்துக்குள் பெரும்பாலோர் வலுவான மருந்தை விட்டிருப்பார்கள். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் மோபின் வகை எடுத்த பிள்ளைக்குத் திடீரென்று நின்றால் கொட்டாவி, வியர்வை, மூக்கால் ஓடுதல், வயிற்றுப் பிடிப்பு, தூக்கமின்மை வரும். பார்த்தால் தடிமன் மாதிரி இருக்கும். முதலில் பகலில் சும்மா இருக்கும் நேரத்து மருந்தை விடுங்கள், இரண்டு நாள் கழித்து இன்னொன்று. இரவு மருந்தும் நடைப்பயிற்சிக்கு முந்திய மருந்தும் கடைசியில் போக வேண்டும். பனடோலை அதற்குப் பிறகே குறைக்கலாம். உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. வைத்தியர் சொன்னபடி சில வாரம் எடுத்துக் குறைத்த பிள்ளை அடிமையாகும் வாய்ப்பு மிகச் சிறியது. அந்தப் பயத்தால் மருந்தைப் பிடித்து வைத்துப் பிள்ளையைத் துடிக்க விடுவது கொடுமை. உண்மையான ஆபத்து வீட்டில் மீதமாகும் குளிசைகளில் இருக்கிறது. பூட்டி வையுங்கள், மிஞ்சியதை வைத்தியசாலையில் திருப்பிக் கொடுங்கள்.

எண்ணெய் தேய்க்கவும் தைலம் பூசவும் ஒத்தடம் கொடுக்கவும் வீட்டாருக்குக் கை துடிக்கும். காயத்தைச் சுற்றித் தோல் மரத்துப் போயிருக்கும்; அங்கே சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தால் வெந்து கொப்பளம் போட்ட பிறகும் பிள்ளைக்குத் தெரியாது. காயத்திலிருந்து விலகிய கழுத்துக்கும் தோளுக்கும் இளஞ்சூடு கொடுக்கலாம், துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைக்கலாம். தைலமோ எண்ணெயோ காயத்தின் பக்கமே போகக் கூடாது. கொழும்பின் புழுக்கத்தில் கட்டுக்குக் கீழ் வியர்த்து அரிக்கும்; மின்விசிறியும் தளர்ந்த பருத்திச் சட்டையுமே அதற்கு மருந்து.

காத்திருக்கக் கூடாத வலி

வலி இறங்கிக்கொண்டு வந்து திடீரென்று ஏறுவதுதான் எப்போதும் கவலைக்குரியது. முதல் இரண்டு மூன்று நாட்களில் காலில் புதிதாகப் பலவீனமோ மரத்துப்போதலோ வந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். வீட்டில் காயத்திலிருந்து நீர் கசிந்தால், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் விடியும்வரை பார்க்காதீர்கள். மூச்சுத் திணறலோ, எழுப்ப முடியாத தூக்கமோ என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ்.

பாடசாலைக்கு பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் திரும்பலாம், முதலில் அரை நாள். புத்தகப் பை தூக்குவதற்கு ஒருவர் வேண்டும். முதல் ஆறு வாரம் 4 முதல் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரே இருக்கையில் அரை மணிக்கு மேல் இருந்தால் உளையும், ஆகவே பாடத்தின் நடுவில் எழுந்து நிற்க அதிபரிடம் முதலே அனுமதி வாங்கிவிடுங்கள். 138 மாதிரி நெரிசல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவது பல மாதங்களுக்கு முடியாது.

இரண்டாம் மாதத்தில் காயத்தைச் சுற்றி மின்னல் வெட்டுவதும் அரிப்பதும் நரம்பு மீள்வதன் அடையாளம், தானே குறையும். மூன்று மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையைத் தடுக்கும் வலி ஒரு சிறு பங்கினருக்கு நிற்கிறது. அறுவைக்கு முன்பே அதிக வலியோடும் அதிகப் பயத்தோடும் இருந்த பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருகிறது. எலும்பும் திருகும் சரியாக இருந்தும் நரம்பு மண்டலம் அபாய மணியை அடித்துக்கொண்டே இருக்கிற நிலை அது. "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவது மிகத் தவறு. நரம்பு வலி மருந்து, படிப்படியான உடற்பயிற்சி, தூக்க ஒழுங்கு, உளவியல் உதவி எல்லாம் ஒன்றாக வேண்டும்.

ஓர் ஆண்டு நலமாக இருந்த பிறகு, ஒரே இடத்தில் புதிதாக நோகத் தொடங்கினால் கதை வேறு. எலும்பு ஒட்டாத இடத்தில் கம்பி வளைந்து வளைந்து முறிந்திருக்கலாம், திருகு தளர்ந்திருக்கலாம், மந்தமாக வளரும் கிருமி ஆண்டுகள் கழித்துக் காய்ச்சல்கூட இல்லாமல் வெளிப்படலாம். எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும், தேவையென்றால் சீரீ ஸ்கானும் எடுத்துப் பார்க்காமல் அந்த வலிக்கு மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.